எடைக்குப் போகாத வண்டி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "உன் வேலையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுப்பா, ஜூனியர்ஸுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார்கள். என் வேலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 2010ல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் பிரேக் பாகங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே கடந்த ஓராண்டாக லீவு நாட்களில் நான் பார்த்த இன்னொரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆனையூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபத்துநான்கு வருஷமாக நின்றுபோயிருந்த ஒரு பழைய பிக்கப் வண்டியை மறுபடி ஓட வைத்த கதை இது. கதை என்றாலும் பாதிக்கு மேல் சரித்திரம்தான். ஒரு நட்டைக் கழற்றினால், இந்த வண்டியை யார் செய்தார்கள், எப்படி மதுரைக்கு வந்தது, இதை ரிப்பேர் பார்க்க யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நான்கு வருஷம் மெக்கானிக்கல் படித்த எனக்கு அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் தெரிந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கொட்டகையில் நின்ற வண்டி

இன்று ஆனையூர் மதுரை மாநகராட்சியின் ஒரு பகுதி. 2011ல் மாநகராட்சியோடு சேருவதற்கு முன் தனி நகராட்சியாக இருந்தது. அதற்கும் முன்னால், எங்கள் தாத்தா காலத்தில், கண்மாயும் வயலுமாக இருந்த ஊர். தாத்தாவுக்கு வெற்றிலை வியாபாரம். சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களில் கூடை ஏற்றி, விடிவதற்குள் மதுரை மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். வெயில் ஏறினால் இலை வாடும். இலை வாடினால் கவுளிக்கு விலை இறங்கும். இந்த ஓட்டத்துக்காகத்தான் 1974ல் கைமாற்றாக அந்த வண்டியை வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் 1969 மாடல் என்று இருக்கிறது.

2001ல் தாத்தாவுக்குக் கண் மங்கியதும் வண்டி நின்றது. "கண் ஆபரேஷன் முடியட்டும், எடுக்கலாம்" என்றார். ஆபரேஷன் முடிந்தது, வண்டியை எடுக்கவில்லை. அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. விறகும் பழைய தகரமும் சேர்ந்து, வண்டி இருப்பதே வெளியே தெரியாமல் போயிற்று.

சென்ற ஆண்டு அந்த இடத்தை விற்பது என்று முடிவானது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு டன்னுக்கு மேல் எடை வரும் என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு வயது வரை அந்த வண்டியின் பின்னால் ஈரச்சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து போனவன் நான். சித்தப்பாவிடம் போய் நின்றேன். அவர் நியாயமாக ஒரு கெடு வைத்தார்.

"தை பிறந்ததும் பத்திரம். அதுக்குள்ள வண்டி தானா உருண்டு கொட்டகைய விட்டு வெளிய வந்துச்சுன்னா நீ வச்சுக்க. இல்லாட்டி எடைக்குத்தான். அப்புறம் என்னையக் குறை சொல்லக் கூடாது."

மூக்கில்லாத ஜீப்

எங்கள் தெருவில் அந்த வண்டிக்கு 'மூக்கில்லாத ஜீப்' என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். அது மஹிந்திரா கம்பெனியின் எப்.சி.150. எப்.சி. என்றால் பார்வர்டு கண்ட்ரோல். அதாவது ஓட்டுகிறவர் என்ஜினுக்குப் பின்னால் உட்காராமல் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காரும் அமைப்பு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் அதே ஜீப்பை விவசாயிக்கும் வியாபாரிக்கும் விற்க வில்லிஸ் வழி தேடியது. ஜீப்பில் ஆள் போகலாம், சரக்குக்கு இடம் கிடையாது. வண்டியை நீட்டினால் திருப்புவது கஷ்டம். அதனால் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஓட்டுநரை முன்னால் தள்ளி, என்ஜினுக்கு மேலே கேபினை ஏற்றி வைத்தார். ஜீப்பின் அதே 81 அங்குலச் சக்கர இடைவெளிக்குள், 74 அங்குல நீளத்துக்குச் சரக்குத் தொட்டி கிடைத்துவிட்டது! 1956 கடைசியில் அமெரிக்காவில் இந்த வண்டி வெளிவந்தது. அங்கே பெரிதாக விற்கவில்லை. அறுபதுகளின் நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. 1945ல் தொடங்கிய மஹிந்திரா கம்பெனி, 1947ல் 75 ஜீப்புகளைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பம்பாயில் பூட்டியது. பிறகு லைசென்ஸ் பெற்று இங்கேயே செய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவில் கடை கட்டிய எப்.சி.150ஐ 1965ல் இங்கே கொண்டுவந்தது. குறுகிய சந்து, மண்ரோடு, சின்னச் சரக்கு என்ற நம் ஊர் நிலைமைக்கு அது பொருந்தியது. அங்கே விலை போகாத மூக்கில்லாத ஜீப், இங்கே வெற்றிலைக்கூடை சுமந்தது இப்படித்தான்.

குறைகளும் உண்டு. என்ஜின் கேபினுக்குள்ளேயே இருப்பதால் சித்திரை மாதத்தில் உள்ளே உட்காருவது அடுப்படியில் உட்காருவது மாதிரி. தாத்தா என்ஜின் மூடி மேல் நாலாக மடித்த சாக்கைப் போட்டிருப்பார். இன்னொன்று, எடையெல்லாம் முன்னால் இருப்பதால் காலி வண்டியில் இறக்கத்தில் பிரேக் அடித்தால் பின்பக்கம் லேசாகிவிடும். தாத்தா காலி வண்டியில் எப்போதும் இரண்டு மணல் மூட்டை போட்டிருப்பார். சின்ன வயதில் அது எங்களுக்கு உட்கார என்று நினைத்திருந்தேன். பிரேக் போடும்போது எடை முன்னால் மாறும் கணக்கைப் பிற்பாடு நான் செமஸ்டர் பரீட்சையில் எழுதிப் பாஸானேன். தாத்தா அதே கணக்கை மணலில் போட்டிருக்கிறார்!

மேஸ்திரி வந்தார்

முதல் மாதம் நானே செய்து பார்த்தேன். விறகை அகற்றி, எலிக்கூட்டைச் சுத்தம் செய்து, புது பேட்டரி மாட்டி, நேராக செல்ப் அடித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். அம்மாதான், "தம்பி, ஒரு தடவ மேஸ்திரியக் கூட்டியாந்து காட்டிட்டுச் செய்யி" என்றாள். தாத்தாவின் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் அவர். எழுபத்தேழு வயது. கை லேசாக நடுங்குகிறது, காது மட்டும் கூர்மை. என் பைக்கில்தான் அழைத்து வந்தேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் புது பேட்டரியைப் பார்த்தார். "செல்ப் அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல மேஸ்திரி."

"தப்பிச்ச. இருபத்துநாலு வருஷம் பட்டினியாக் கிடந்தவனுக்கு எடுத்ததும் பிரியாணியா போடுவாங்க? கஞ்சி குடுக்கணும்டா."

நான்கு பிளக்கையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றினார். "பத்து நாள் இத மறந்துரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சிலிண்டர் சுவரில் துரு பிடித்து ரிங் ஒட்டியிருந்தால், செல்ப் அடிக்கும் வேகத்தில் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். எண்ணெய் ஊறி இளகிய பிறகு கையால் நகர்த்திப் பார்ப்பதுதான் முறை. பத்து நாள் கழித்து டாப் கியரில் போட்டு, நாலு பேர் சேர்ந்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினோம். முதல் நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு முனகலோடு பேன் இலை அரை அங்குலம் நகர்ந்தது. அந்த அரை அங்குலத்துக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வயசுல பஸ் கம்பெனிப் பட்டறையில. துணிய வச்சு நட்டத் தொடைக்கிறதுதான் ஒரு வருஷம் வேலை. அப்புறந்தான் ஸ்பானர் குடுத்தாங்க."

இந்த ஒரு வரிக்குப் பின்னால் மதுரையின் மோட்டார் சரித்திரம் முழுதும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மதுரைக்கு மோட்டார் வந்த வழி

நெல்லைச் சீமை திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு 1911ல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். 1912ல் பஸ் விட்டார். அந்தக் காலத்தில் ரோடு என்பது மாட்டு வண்டிக்காகப் போட்டது. லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைப் பதம் பார்க்கும். அதற்காகக் காந்தம் கட்டிய வண்டியை முன்னே அனுப்பி ஆணி பொறுக்கினார்கள் என்றும், அவர் பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார்கள் என்றும் மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பஸ் நேரத்துக்கு ஓட வேண்டுமானால் பஸ் மட்டும் போதாது. பாகம் உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. அங்கேயே பட்டறை வேண்டும், பட்டறைக்கு ஆள் வேண்டும். வயல்காட்டிலிருந்து வந்த பையன்களுக்குப் பட்டறையிலேயே கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக, மதுரையில் மோட்டாரோடு சேர்ந்தே மோட்டார் ரிப்பேரும் பிறந்தது என்றால் மிகையாகாது.

அதற்கு வந்த பெரிய சோதனை இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போனது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்களும் லாரிகளும் கரிக்கு மாறின. இந்தத் தலைமுறை ஜூனியர்களுக்கு இது அதிசயமாக இருக்கும், அதனால் சிறு விளக்கம். வண்டியின் பின்னால் ஒரு உயரமான இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியை நிரப்பிப் பற்ற வைத்து, காற்றைக் குறைவாக விடுவார்கள். கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயுவைக் குளிர வைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் விட்டால் ஓடும். சக்தி மட்டும் பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். விடிய விடிய எழுந்து அடுப்பு மூட்டி, துருத்தி போல் சுற்றி ஊதி, வாயு சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும். அது விஷ வாயு என்பதால் மூடிய கொட்டகைக்குள் மூட்டினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கரி வாயுக் கருவியை மதுரை டி.வி.எஸ். தானே வடிவமைத்து, 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்ற பெயரில் செய்து விற்றது. வெளிநாட்டு என்ஜினை உள்ளூர்க் கரியில் ஓட வைத்தவர்கள் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு திருப்பம். 1928லிருந்து பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1953ஆம் ஆண்டு டாரிப் கமிஷன் அறிக்கைக்குப் பின் கிளம்பிவிட்டது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்பது அரசாங்கக் கொள்கை. போர்டும் போய்விட்டது. புது வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கும் காலம் ஆரம்பமானது. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். பாகங்கள் இங்கேயே செய்யும் தொழிலும் அதனால் வளர்ந்தது. 1961ல் லூகாஸ்-டி.வி.எஸ்., 1962ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று சென்னைப் பாடியில் வரிசையாக வந்த தொழிற்சாலைகளின் வேர் மதுரையில்தான் இருக்கிறது. எங்கள் வண்டியின் டைனமோவில் துருவைச் சுரண்டியபோது தெரிந்த பெயரும் லூகாஸ்-டி.வி.எஸ்.தான்.

1972ல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தச் சமயத்தில் நம் மேஸ்திரி தனியே கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் போலக் கம்பெனிப் பட்டறையில் கற்று, தெருமுனையில் கொட்டகை போட்டவர்கள் மதுரைப் பக்கம் நிறையப் பேர். நம் மாவட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் ஐம்பது வருஷம் ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் கிடையாது.

டீசல் ஆசை

நிற்க. வண்டிக்கு வருவோம்.

என்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரஷன் பார்த்தோம். ஒன்றாவது சிலிண்டரில் 85, இரண்டில் 80, நான்கில் 90. மூன்றில் பூஜ்யம்! எனக்கு முகம் செத்துவிட்டது. மேஸ்திரியோ, "நல்லதாப் போச்சு. மூணும் அம்பதுன்னு வந்திருந்தாத்தான் பயப்படணும். ஒண்ணு மட்டும் ஜீரோன்னா வால்வு மாட்டியிருக்கு" என்றார்.

இந்த என்ஜின் ஒரு விசித்திரப் பிறவி. 2,199 சி.சி., நான்கு சிலிண்டர், 'ஹரிக்கேன்' என்று பெயர். காற்று உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது; புகை வெளியே போகும் வால்வு பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருக்கிறது. போர்க்கால ஜீப் என்ஜினில் இரண்டு வால்வும் பக்கவாட்டில்தான் இருந்தன. பிளாக்கைப் பெரிதாக மாற்றாமல் பெரிய இன்லெட் வால்வு வைக்க இடம் வேண்டும் என்று அதை மட்டும் மேலே தூக்கிவிட்டார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனுக்கு நேர்மேலே இல்லாததால், அது திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் பிஸ்டன் போய் முட்டாது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு துருப்பிடித்து நட்டுக்கொண்டு நின்றது, மற்றபடி ஒரு சேதமும் இல்லை. இரண்டு நாள் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார் மேஸ்திரி.

இந்தக் கட்டத்தில் உறவினர் ஒருவர் யோசனை சொன்னார்: "எதுக்கு இந்தக் கஷ்டம்? ஒரு டீசல் என்ஜினத் தூக்கி வச்சிருங்க. லிட்டருக்கு டபுளா ஓடும்." கெட்ட யோசனை இல்லை. 1973ல் அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டுப் போட்டு விலை ஏறியபோது நாடு முழுக்கப் பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் என்ஜின் ஏறியது இப்படித்தான். மஹிந்திராவே 1975ல் எப்.சி.260 என்று டீசல் வண்டி கொண்டுவந்தது. தாத்தாகூடக் கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தாராம்.

நான் தயங்கியதற்குக் காரணம், 2021 ஜூலையில் வந்த விதி. ஐம்பது வருஷம் தாண்டிய, சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று 'வி.ஏ.' எழுத்தோடு பதிவு செய்ய அது வழி செய்கிறது. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் என்ஜின் ஏறிய அன்றே அந்தக் கதவு மூடிவிடும். பழைய என்ஜினையே பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஜீப் என்ஜின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காதது இந்தக் கேபினுக்கே உரியவை: கண்ணாடி பீடிங், கதவு ரப்பர் போன்றவை. கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் பட்டறையில் பழைய துண்டைக் காட்டி டை போட்டு எடுத்தோம். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஒரு துண்டுச் சங்கிலியும் உள்ளே போட்டு இரண்டு பேர் தொட்டில் மாதிரி ஆட்டினோம். செங்கல் பொடி கரைத்தது போலத் துரு கொட்டியது. பெட்ரோல் பம்ப்புக்கு வாங்கிய டயப்ரம் பத்தே நாளில் கொழகொழத்துவிட்டது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய வகை ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றியதும் சரியாயிற்று. மேஸ்திரிக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே விஷயம் இதுதான்.

பிரேக்கில் மானம் போயிற்று. நான்கு வீல் சிலிண்டரையும் புதுப்பித்து, ஆயில் ஊற்றி, ஏர் எடுக்க உட்கார்ந்தேன். எத்தனை பம்பிங் அடித்தாலும் பெடல் தரைக்குப் போனது. மேஸ்திரி பக்கத்தில் வந்து, "எந்த வீல்ல ஆரம்பிச்ச?" என்றார். பக்கத்தில் இருந்த வீலைக் காட்டினேன். "மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துல இருக்கிற வீல்ல ஆரம்பிக்கணும். பிரேக் கம்பெனியிலயா வேல பாக்குற?" என்றார். பதினைந்து வருஷ சர்வீஸ் அந்த இடத்தில் காற்றோடு வெளியேறியது.

இரண்டும் மூன்றும்

மார்கழி இரண்டாம் வாரம். எல்லாம் பூட்டியாகிவிட்டது. மேஸ்திரிக்குக் காய்ச்சல், வரவில்லை. கெடு நெருங்குகிறதே என்று நானே பிளக் ஒயர்களை மாட்டினேன். பயரிங் ஆர்டர் 1-3-4-2; இது நமக்கு மனப்பாடம். செல்ப் அடித்தேன். கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகக் குலுங்கி, உதறி, நின்றது. பத்துத் தடவை அடித்தும் அதே கதை. பேட்டரி இறங்கிவிட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் போனில் மேஸ்திரியிடம் சொன்னேன். சத்தம் எப்படி வந்தது என்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். இருமலுக்கு நடுவே சிரித்தார். "ஒண்ணும் நாலும் ஓடுது, ரெண்டும் மூணும் சண்ட போடுது. டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுத்துது, பாத்தியா?"

பார்க்கவில்லை. இந்த என்ஜினில் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நான் கடிகாரச் சுற்றில் 1-3-4-2 என்று மாட்டியிருந்தேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றும்போது அது 1-2-4-3 ஆகிவிடும். ஒன்றும் நாலும் சரி. இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன. கொட்டகைக்குள் காலே வைக்காமல், நான் வாயால் போட்ட சத்தத்தைக் கேட்டே நோய் சொன்னார் மனிதர்!

நம் ஐ.சி. என்ஜின் லேபில் வெட்டி வைத்த ஒரு என்ஜின் மாடல் நின்றது நினைவிருக்கிறதா? அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம், கையெழுத்து வாங்கினோம். ஒரு தடவையாவது அதைக் கையால் சுற்றிப் பார்த்தோமா? நான் பார்க்கவில்லை.

ஒயர் இரண்டையும் மாற்றி மாட்டி, பேட்டரி ஏற்றி, கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்து அடித்தேன். நான்கு சிலிண்டரும் பிடித்தது. புகை அடங்கியபோது வாசலில் அப்பத்தா கம்பு ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டக்கு டக்குனு கூட ஒரு சத்தம் வருதே, அது அப்ப இல்லையேடா" என்றார். இருபத்தேழு வருஷம் தினமும் விடியற்காலையில் அந்த வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டவர் அல்லவா?

மேஸ்திரி காய்ச்சல் விட்டு வந்ததும் முதல் வேலையாக டாப்பெட்டைப் பார்த்தார். அப்பத்தா சொன்னது சரி. ஒரு இன்லெட்டில் இடைவெளி அதிகம். "இன்லெட்டு பதினெட்டு தவ், எக்ஸாஸ்ட்டு பதினாறு" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேஜ் பிடித்தபோது கை நடுங்கியது. இடைவெளி மட்டும் பிசகவில்லை.

எப்.சி. வண்டிக்கு எப்.சி.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு வண்டி தன் சொந்த பலத்தில் கொட்டகையை விட்டு வெளியே வந்து, கேட் அருகே நின்ற ரெக்கவரி வண்டியின் சரிவுப் பலகையில் ஏறி நின்றது. மொத்தம் அறுபது அடி தூரம் இருக்கும். சித்தப்பா சொன்ன சொல் தவறவில்லை. "சரி, உன்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, ஏணிப்படியில் ஏறுவது போல் அவரே கேபினில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தார்.

ரோட்டில் ஏன் ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். எப்.சி. வண்டிக்கு எப்.சி. இல்லை! பிட்னெஸ் சர்டிபிகேட் 2001லேயே முடிந்துவிட்டது. ஆர்.சி. தாத்தா பெயரில் இருக்கிறது. சரக்கு வண்டியாகப் பதிவானது என்பதால், சொந்த உபயோக வண்டிகளுக்கான அந்த 2021 விதியில் நேராக நுழைய முடியவில்லை. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், வகை மாற்றம் என்று காகித வேலை நடந்துகொண்டிருக்கிறது. பழம்பெரும் வண்டியாகப் பதிவு கிடைத்தாலும் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். இனி அது வெற்றிலை ஏற்றப் போவதில்லை. இப்போதைக்கு அலங்காநல்லூர் பக்கம் என் வகுப்புத் தோழன் ஒருவனின் தோப்பில் நிற்கிறது. மாதம் இரண்டு தடவை போய்த் தோப்புக்குள்ளேயே ஓட்டிவிட்டு வருகிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

செலவுக் கணக்கு பார்த்தால் இது புத்திசாலித்தனமான காரியம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல செகண்ட் ஹாண்ட் கார் வாங்கியிருக்கலாம். வீட்டில் அதைச் சொல்லவும் செய்தார்கள். நான் மறுக்கவில்லை.

ஆனால் எனக்குத் தெரியவந்தது ஒன்று உண்டு. வண்டி துருப்பிடித்து நின்றது இருபத்துநான்கு வருஷம்தான்; எண்ணெய் விட்டதும் இளகியது. மேஸ்திரிக்குத் தெரிந்தது அப்படி இல்லை. எந்தச் சத்தத்துக்கு எந்த நோய், ரிங் ஒட்டியிருந்தால் எத்தனை நாள் ஊற வேண்டும், தட்டும்போது எவ்வளவு பலம் போதும் என்பதெல்லாம் கம்பெனி மேனுவலில் பாதிகூடக் கிடையாது. 1912லிருந்து கைமாறிக் கைமாறி அவர் வரை வந்தது. அவர் பிள்ளைகள் இருவரும் ஐ.டி.யில் இருக்கிறார்கள். கடைசியாக அவரிடம் வேலை கற்ற பையன் இப்போது உணவு டெலிவரி செய்கிறான். இனி வரும் மின்சார வண்டிகளுக்கு இந்த வித்தை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் கப்பலில் பாகம் வரும்வரை காத்திராமல், இருப்பதை வைத்து ஓட வைத்த ஒரு ஊரின் நூறு வருஷச் சாமர்த்தியம், எழுதாமலே போய்விடலாமா?

அதனால் தை மாதத்திலிருந்து ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சத்தங்களைப் போனில் பதிவு செய்து, பக்கத்தில் நோயின் பெயரை எழுதுகிறோம். இரண்டு நோட்டு முடிந்து மூன்றாவது ஓடுகிறது. முதல் பக்கத்தில் அவர் எழுதச் சொன்ன வாக்கியம்: "எடுத்ததும் செல்ப் அடிக்காதே."

மெக்கானிக்கல் ஜூனியர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் வாருங்கள். எழுத ஆள் வேண்டும், படம் வரைய ஆள் வேண்டும். சீனியர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கொட்டகை, ஒரு மேஸ்திரி நிச்சயம் இருப்பார். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டோடு போங்கள். இந்த ஆண்டு சந்திப்புக்கு வருகிறவர்களில் விருப்பம் உள்ளவர்களைத் தோப்புக்கு அழைத்துப் போகிறேன். மேஸ்திரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வருகிற என்ஜினீயர்கள் ஆளுக்கு ஒரு பிளக்காவது கழற்றி மாட்ட வேண்டுமாம்.